எக்ஸ்பாண்டரைத் திருகினால் நடுவில் எலும்பு எங்கிருந்து வருகிறது?

#1 கொய்யாமரம்
வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. மேல்தாடை குறுகலாக இருக்கிறது, பின்பற்கள் மாறிக் கடிக்கின்றன என்று சொல்லி, கிளிப் போடும் டாக்டர் அண்ணத்தில் ஒரு எக்ஸ்பாண்டர் மாட்டியிருக்கிறார். கடைவாய்ப் பற்களைக் கவ்வுகிற உலோக வளையங்கள், நடு அண்ணத்தில் ஒரு திருகு. குட்டிக் கம்பிச் சாவியை அதன் துளைக்குள் விட்டு, முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். காலையில் ஒரு கால் சுற்று, ராத்திரி ஒரு கால் சுற்று.

முதல் நாள் மனைவி டார்ச் பிடிக்க, எனக்குக் கை நடுங்கியது. மகள் அழவில்லை. "மூக்குக்கு நடுவுல யாரோ கிள்ற மாதிரி இருக்குப்பா" என்றாள், அவ்வளவுதான். ஆறாம் நாள் முன்பற்கள் இரண்டுக்கும் இடையே ஒரு சந்து தெரிந்தது. இன்று பத்தாம் நாள். ஐஸ் குச்சி நுழைகிறது.

எக்ஸ்ரேயில் அண்ணத்தின் நடுவே கறுப்பாக ஒரு ஆப்பு வடிவம். தாடை எலும்பு இரண்டாக விலகியிருக்கிறது, இந்த இடம் தானாக எலும்பால் நிரம்பிவிடும் என்கிறார் டாக்டர். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வரவு எங்கிருந்து என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. பலகையைப் பிளந்து வைத்தால் நடுவில் மரம் முளைக்குமா? எலும்புக்கு மட்டும் யார் சொல்லி வைத்தது?

இன்னொன்று. "பொறந்தப்பவே நான் தலை உருட்டி விட்டிருப்பேன், நீங்கதான் விடல" என்று அம்மா தினமும் சொல்கிறார். அதற்கும் யாராவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

#2 பல்லாங்குழி
பல் சீரமைப்பில் முதுநிலை படிக்கிறேன். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகளுக்கு எலும்பு எதுவும் பிளக்கவில்லை. மேல்தாடை பிறவியிலேயே இடம், வலம் என்று இரண்டு எலும்பு. நடுவில் அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது சூச்சர் என்கிற நார்த் தையல். அதில் கொலாஜன் நார், ரத்தக் குழாய், இன்னும் என்னவாக ஆவது என்று முடிவு செய்யாத இளம் செல்கள் எல்லாம் உண்டு. நீங்கள் விலக்கியது அந்தத் தையலை.

உங்கள் வரவுக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. திருகும்போது நார்கள் விறைத்து நீள்கின்றன, சில அறுகின்றன, சிறிது ரத்தம் கசிகிறது. பிறகு இளம் செல்கள் பெருகி, அவற்றில் ஒரு பகுதி எலும்பு கட்டும் செல்லாக மாறி, இரண்டு கரைகளிலிருந்தும் நடுவை நோக்கி எலும்பை அடுக்குகின்றன. இழுபட்ட நார்கள் எந்தத் திசையில் நிற்கின்றனவோ அதே திசையில் விரல் விரலாகப் புது எலும்பு நீளும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

இது புது வைத்தியமும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 1860இலேயே இப்படி ஒரு திருகை வைத்துத் தாடையை விரித்ததாக எழுதினார். அன்று பலர் நம்பவில்லை. நூறு வருஷம் கழித்து, 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் பரவலானது.

மூக்கில் கிள்ளியது உண்மைதான். மேல்தாடை எலும்பு மூக்கின் தரையாகவும் இருக்கிறது. அது தனியாக நகராது, மூக்கு, கன்னம் என்று சுற்றியிருக்கும் தையல்களும் கூடவே இழுபடும்.

#3 கொய்யாமரம்
நன்றி சகோதரி. ஒரு சந்தேகம். கால் சுற்றுக்கு 0.25 மில்லிமீட்டர் என்று டாக்டர் சொன்னார். பத்து நாளில் இருபது கால் சுற்று, ஆக 5 மில்லிமீட்டர். பல்லுக்கு நடுவே அளந்தால் இரண்டரைதான் வருகிறது. மீதி எங்கே?

#4 பல்லாங்குழி
:) சரியான ஆள்தான் நீங்கள். முன்பல் சந்து பொதுவாகத் திருகு விரிந்த அளவில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். திருகு தள்ளுவது பற்களை, பற்கள்தான் எலும்பைத் தள்ளுகின்றன. அதனால் கொஞ்சம் பல் வெளிப்பக்கம் சாய்வதில் போய்விடும், கொஞ்சம் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வளைவதில் போய்விடும். தையல் திறப்பதும் முன்னால் அகலமாக, பின்னால் குறுகலாக. நீங்கள் பார்த்த ஆப்பு அதுதான்.

பயப்படாதீர்கள், அந்தச் சந்து தானாக மூடும். ஈறுக்குள் பல்லையும் பல்லையும் இணைக்கும் நார்கள் ரப்பர்போல் இழுத்துச் சேர்த்துவிடும். ஆனால் பல் சேர்ந்துவிட்டதே என்று எக்ஸ்பாண்டரைக் கழற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும்.

#5 நட்டு_போல்ட்டு
இயந்திரப் பொறியாளர் பார்வையில் ஒரு வரியில் சொல்லிவிடலாமே. இழுத்தால் எலும்பு கூடும், அழுத்தினால் கரையும். பல் நகர்வதும் அப்படித்தான்: தள்ளுகிற பக்கம் கரைகிறது, இழுபடும் பக்கம் கட்டுகிறது. சூச்சர் என்பது பாலத்தில் விடுகிற எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் மாதிரி. குழந்தையின் தலை பெரிதாவதும் இந்தத் தையல்கள் எலும்பை வளர்த்து வளர்த்து வெளியே தள்ளுவதால்தான். சரிதானே?

#6 ஆற்றோரம்
> தையல்கள் எலும்பை வளர்த்து வளர்த்து வெளியே தள்ளுவதால்தான்

தம்பி, இந்த ஒரு வாக்கியத்தை அடிப்பதற்காகவே உள்ளே வருகிறேன். உடற்கூறியல் வகுப்பெடுத்து ஓய்வுபெற்றவன்.

சூச்சர் தள்ளாது. தள்ளுவது மூளை. பிறக்கும்போது குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ., ஒரு வயதில் சுமார் 46. அந்த ஒரு வருஷத்தில் மூளை ஏறக்குறைய 350 கிராமிலிருந்து ஒரு கிலோவை நெருங்குகிறது. அது பெருக்கப் பெருக்க மண்டைத் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, தையல் இழுபடுகிறது, இழுபட்டதற்குப் பதிலாக விளிம்பில் எலும்பு சேர்கிறது. அமெரிக்காவின் மெல்வின் மாஸ் இதைத்தான் வாழ்நாள் முழுக்க வாதாடினார். எலும்பு தன் இஷ்டத்துக்கு வளர்வதில்லை, உள்ளே இருக்கும் உறுப்பின் தேவைக்கு ஏற்ப வளர்கிறது என்பது அவர் கட்சி.

கண்ணால் பார்க்கவும் சாட்சி உண்டு. மூளைக்குள் நீர் தேங்கும் குழந்தைக்குத் தையல்கள் அகன்று, உச்சிக்குழி விம்மி, தலை பெருத்துவிடும். குழாய் வைத்து நீரை வடித்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதும் உண்டு. மூளை வளராத குழந்தைக்குத் தலையும் சிறுத்தே இருக்கும். தையல் சொந்த முயற்சியில் தள்ளக்கூடியதென்றால் அங்கே தள்ளியிருக்க வேண்டுமே?

இன்னொரு கதை. மண்டையோட்டைத் தனித்தனி எலும்பாகப் பிரிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. அடியில் தண்டுவடம் நுழையும் பெரிய துளை வழியே காய்ந்த பட்டாணியைக் கெட்டியாக நிரப்பித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பட்டாணி ஊறி உப்பும். இரண்டு நாளில் தையல் தையலாக விட்டுக்கொடுக்கும். சுத்தியலால் அடித்தால் எலும்பு உடையும், தையல் அப்படியே நிற்கும். மெதுவாக, எல்லாப் பக்கமும் சமமாக உள்ளிருந்து தள்ளினால் மட்டும் தையல் வழிவிடும். மாணவர்களுக்கு மாஸ் சொன்னதைப் புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

முதல் தடவை அந்த மண்டையோட்டைக் கையில் எடுத்த ஒரு மாணவி, அந்த நெளிநெளிக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் சார் தலையெழுத்தா?" என்றாள். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், பிரம்மா எழுதினது என்று. நான் மறுக்கவில்லை.

#7 நட்டு_போல்ட்டு
வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன் ஐயா. இழுத்தால் கூடும் என்ற விதி மட்டும் நிற்கட்டும். எக்ஸ்பாண்டரும் மூளையும் செய்வது ஒரே வேலை, இரண்டும் இழுவை.

#8 கிடாய்க்காரன்
விஞ்ஞானம் தெரியாது. ஆட்டுத்தலை தெரியும், கறிக்கடை வைத்திருக்கிறேன்.

குட்டித்தலையை வாட்டி, வேகவைத்தால் மண்டை தகடு தகடாகக் கழன்று வரும், மூளையை முழுசாக எடுக்கலாம். முற்றிய கிடாத்தலையில் அது நடக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு தகடும் சேருகிற இடத்தைப் பார்த்தீர்களானால் குட்டியில் நேர்க்கோடு மாதிரி இருக்கும். கிடாவில் ரம்பப் பல்லை ரம்பப் பல்லோடு கோத்தது மாதிரி இருக்கும். முட்டி முட்டித்தான் அப்படி ஆகிறது என்று என் அப்பா சொல்வார். சரியா?

#9 மிளகாய்வற்றல்
பல் டாக்டரில் தொடங்கி தலைக்கறிக்கு வந்தாயிற்று. பட்டாணி வேறு சேர்த்தாயிற்று. இனி இழையை விட்டுப் போக மாட்டேன்.

#10 தறிநூல்
எலும்புத் திசு ஆராய்ச்சியில் இருக்கிறேன். கிடாய்க்காரன் அண்ணன் கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி, நட்டு_போல்ட்டின் விதிக்கு அதில்தான் ஆபத்து இருக்கிறது.

உங்கள் அப்பா சொன்னதில் நிறைய உண்மை. வெள்ளாட்டு மண்டைத் தையல்களை 1990இல் கரோலின் ஜாஸ்லோ சோதித்தார். மெதுவாக வளைத்தால் தையல் எலும்பைவிடச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் திடீரென்று மோதினால் எலும்பைவிட அதிக ஆற்றலை உள்வாங்குகிறது. கோப்பு எவ்வளவு நெளிவோ அவ்வளவு தாங்கும். முட்டும் விலங்குக்கு அது ஷாக் அப்சார்பர்.

நெளிவு எப்படி வருகிறது என்பதுதான் சுவாரஸ்யம். சூசன் ஹெரிங் குழுவினர் பன்றிகளின் மண்டைத் தையல்களுக்குக் குறுக்கே சின்னச் சின்ன அளவிகளை ஒட்டி, தீவனம் தின்னவிட்டு அளந்தார்கள். மெல்லும்போது தையலில் உண்டாகும் திரிபு, அதாவது நீள்கிற அல்லது நசுங்குகிற அளவு, பக்கத்து எலும்பில் இருப்பதைவிடப் பல மடங்கு. சில தையல்கள் மெல்லும்போது இழுபடுகின்றன, சில நசுக்கப்படுகின்றன. பொதுவாக எது நசுக்கப்படுகிறதோ அதுதான் நெளிநெளியாகக் கோத்துக்கொள்கிறது. இழுபடுவது ஓரளவு நேராக இருக்கிறது. ஆப்பிரிக்க ஆறுகளில் பாலிப்டெரஸ் என்று ஒரு பழங்கால மீன் உண்டு, அதன் மண்டையிலும் இதே ஒழுங்கு. தசை மிகுதியாக வளரும்படி ஒரு மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும், கடிக்கும் பலம் கூடியதால் உச்சித் தையலின் நெளிவு கூடியிருந்தது.

ஆக, அழுத்தினால் கரையும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நசுக்கப்படும் தையலில் ஒரு பக்கம் கரைந்து, எதிர்ப்பக்கம் கட்டி, அப்படி மாறி மாறி நடந்தால்தான் பல்லும் பள்ளமுமான அந்தக் கோப்பே உருவாகும்.

#11 நட்டு_போல்ட்டு
அப்படியானால் இழுத்தாலும் கட்டும், அழுத்தினாலும் கட்டும் என்றா சொல்கிறீர்கள்? எந்தப் பக்கம் போனாலும் சரி என்றால் அது விதியே இல்லையே.

#12 தறிநூல்
எரிச்சல் புரிகிறது, எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. திசையை மட்டும் பார்த்தால் குழப்பம்தான். விசை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சிகாகோவில் ஜெரமி மாவ் குழு 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று. வளரும் முயல்களின் மேல்தாடையில் விசை கொடுத்தார்கள். உச்ச அளவு இரண்டு குழுவுக்கும் ஒன்றே, 5 நியூட்டன், நம் கணக்கில் அரை கிலோ தூக்குகிற பலம். ஒரு குழுவுக்கு அது ஒரே சீராக நின்றது. இன்னொரு குழுவுக்கு நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கியது. நாளுக்குப் பத்து நிமிடம், 12 நாள். அவ்வளவுதான். ஏறி இறங்கிய விசை பெற்ற முயல்களில்தான் தையல் தெளிவாக அதிகம் வளர்ந்திருந்தது. இத்தனைக்கும் மூக்கருகே இருந்த தையலில் அந்த விசை அழுத்தமாகத்தான் விழுந்தது. பின்னர் அதே ஆய்வகம் இழுவையாகவும் அழுத்தமாகவும் தனித்தனியே ஆட்டிப் பார்த்தது. இரண்டிலும் வளர்ச்சி இருந்தது.

செல் இழுபடுகிறதா அழுத்தப்படுகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை, தன் சுற்றுப்புறம் அசைகிறதா என்றும் பார்க்கிறது. நார் நீண்டு சுருங்கும்போது இடையிலுள்ள திரவம் ஓடுகிறது, செல்லின் சவ்வு இழுபடுகிறது, சவ்விலுள்ள வாயில்கள் திறக்கின்றன. ஒரே நிலையில் பிடித்து வைத்தால் செல் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்கிறது. உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டே இருந்தால் மறந்துவிடுவோம், உருட்டினால் தெரிந்துகொண்டே இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

#13 கொய்யாமரம்
அப்படியென்றால் எக்ஸ்பாண்டர் தப்பான கருவியா? அது நாள் முழுக்க ஒரே பிடியாகத்தானே நிற்கிறது? ராத்திரியெல்லாம் யோசிக்கவைத்துவிட்டீர்கள்.

#14 பல்லாங்குழி
இல்லை இல்லை. முயல் சோதனையில் தையல் விலகவே இல்லை, மிகச் சிறிய அசைவுக்குச் செல் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தார்கள். எக்ஸ்பாண்டரில் கதை வேறு. ஒவ்வொரு திருகலும் சில கிலோ விசை, அது கரைவதற்குள் அடுத்தது, ஒன்றின்மேல் ஒன்று சேருகிறது. அங்கே தையல் நிஜமாகவே திறந்துகொள்கிறது. திறந்த இடத்தில் நடப்பது பாதி வளர்ச்சி, பாதி காயம் ஆறுதல். அதனால்தான் உடனே எலும்பு வராது. முதலில் இடம், அப்புறம் ரத்தக் குழாய், அப்புறம் எலும்பு. அந்த நேரத்தில் கருவி கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றியுள்ள தையல்கள் பழையபடி உள்ளே இழுத்துவிடும்.

அதோடு வாய் சும்மா இருக்கிறதா? உங்கள் மகள் சாப்பிடுகிறாள், விழுங்குகிறாள், பேசுகிறாள். ஏறி இறங்கும் விசை தினமும் ஆயிரக்கணக்கில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

#15 அகல்விளக்கு
இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எண்ணெய் தேய்க்கையில் உச்சந்தலையில் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. முன்னிருந்து பின்னாக, தோலுக்கடியில் கயிறு ஓடுவதுபோல் ஒரு மேடு. தலை மேலிருந்து பார்த்தால் படகு மாதிரி நீளமாக, காதுக்கு மேலே ஒடுங்கி இருந்தது. காட்டிய முதல் இடத்தில், பிரசவத்தில் அழுந்தியிருக்கும், தானாகச் சரியாகும், பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் பக்கம் மாற்றினேன். மேடு தடித்ததுதான் மிச்சம். வேறு ஊரில் ஒரு மருத்துவர் விரலால் ஒரே ஒரு தடவை தடவினார். சிடி எடுக்கச் சொன்னார். உச்சித் தையல் மூடிவிட்டிருந்தது.

அறுவை சிகிச்சையில் மூடின கோட்டை ஒட்டி எலும்பை வெட்டி, இரண்டு கரைக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்தார்கள். சேஃப்டி பின்னைக் கவிழ்த்த மாதிரி ஒரு கம்பி, அது மெல்ல விரிந்து எலும்பை அகட்டுகிறது. சில மாதம் கழித்து எடுத்துவிட்டார்கள். எடுத்த ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இவ்வளவு சின்னக் கம்பி என் பிள்ளை தலையை விரித்ததா என்று இப்போதும் நம்ப முடியவில்லை.

கேட்க நினைத்தது ஒன்றுதான். கர்ப்பத்தில் நான் செய்த ஏதாவது காரணமா? தையலை எதுவோ அழுத்தியதால் மூடிக்கொண்டதா?

#16 தறிநூல்
அக்கா, நீங்கள் செய்த எதுவும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு ஏதாவது ஒரு தையல் முன்கூட்டியே மூடுகிறது. அதில் உச்சித் தையல்தான் அதிகம். தையல் மூடினால் அதற்குக் குறுக்காக வளர்ச்சி நின்று, அதன் நீள வாக்கில் தலை வளர்கிறது என்று ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1851லேயே எழுதிவிட்டார். நீங்கள் பார்த்த படகு அதுதான். ஸ்பிரிங் முறை ஸ்வீடனின் கோதன்பர்க்கில் கிளேஸ் லாரிட்ஸன் 1990களின் கடைசியில் தொடங்கியது.

சில குழந்தைகளுக்கு மரபணு மாற்றம் காரணம். எஃப்ஜிஎஃப்ஆர்2, ட்விஸ்ட்1 போன்றவை. அபெர்ட், குரூசான் என்ற பெயர்களில் வருவது அந்த வகை, முகத்திலும் கைகால்களிலும் வேறு அடையாளங்களும் இருக்கலாம். ஒரே ஒரு தையல் மட்டும் மூடிய பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனியாக ஒரு காரணத்தைக் காட்ட முடிவதில்லை. கருப்பையில் தலை நெருக்கப்படுவது சிலருக்கு ஒரு பங்காக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. அது தாய் செய்கிற காரியம் இல்லை.

#17 ஆற்றோரம்
இங்கே மாஸ் கட்சிக்காரனான நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் விசைதான் என்றால், எலியின் மண்டையில் நெற்றிப் பக்கத்து நடுத் தையல் மட்டும் பிறந்த சில வாரத்தில் மூடிக்கொள்ள, பக்கத்துத் தையல்கள் ஆயுளுக்கும் திறந்தே இருப்பானேன்? 1990களில் லின் ஆப்பர்மன் குழு எலித் தையல்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுப் பார்த்தது. அடியிலிருக்கும் மூளை மேலுறையோடு நட்டால் தையல் திறந்தே இருந்தது. உறையை உரித்துவிட்டு நட்டால் எலும்பு பாய்ந்து மூடிக்கொண்டது. நட்ட இடத்தில் கீழே வளரும் மூளையும் இல்லை, இழுவையும் இல்லை. ஆக, உறையிலிருந்து வேதிச் செய்தியும் போகிறது. திறந்திரு என்றும் சொல்கிறது, மூடு என்றும் சொல்கிறது.

#18 தறிநூல்
ஆமாம் ஐயா. அந்த உறையையே வளரும் மூளை இழுத்துக்கொண்டிருப்பதால், செய்தி வேறு விசை வேறு என்று முழுசாகப் பிரிக்கவும் முடிவதில்லை. தையலின் நடுவே குடியிருக்கும் மூலச் செல்களை எலிகளில் அடையாளம் கண்டது 2015இல் தான். அவற்றை அழித்துவிட்டால் தையல்கள் மூடிக்கொள்கின்றன. மண்டையின் திறந்த தையல் என்பது ஒருவகையில் எலும்புக்கான விதைநெல் சேமிப்பு.

கொய்யாமரம், நீங்கள் கேட்ட வரவு கடைசியில் இதுதான். திருகு எலும்பைக் கொண்டுவருவதில்லை. சேமிப்பிலிருந்து எடுக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறது.

#19 கொய்யாமரம்
கணக்கு டேலி ஆகிறது :) ஆனால் அம்மா விடவில்லை. இந்த இழையை வாசித்துக் காட்டினேன். பிடித்துக்கொண்டார். "முயலுக்குப் பத்து நிமிஷம் அமுக்கி அமுக்கி விட்டா வளருதாம். நானும் குளிப்பாட்டறப்ப பத்து நிமிஷம்தான் தலையைப் பிடிச்சு விடுவேன். வெள்ளைக்காரன் செஞ்சா ஆராய்ச்சி, கிழவி செஞ்சா மூடநம்பிக்கையா?" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

#20 மிளகாய்வற்றல்
பாட்டிக்கு முனைவர் பட்டம் கொடுங்கள்.

#21 தூளிக்கம்பு
குழந்தைகள் வார்டில் இருபது வருஷமாக நர்ஸ். பாட்டியின் கேள்வி நல்ல கேள்விதான், கிண்டல் வேண்டாம்.

பாட்டியிடம் இப்படிச் சொல்லுங்கள். பிறந்த குழந்தையின் தலை நீண்டு கோணலாக இருப்பது, வெளியே வரும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டதால். சில நாளில் மூளையே உள்ளிருந்து தள்ளித் தன் இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். பாட்டிகள் உருட்டும் நாட்களும் அவையே. யார் உருட்டினாலும் உருட்டாவிட்டாலும் தலை உருண்டைதான் ஆகும், பெயர் மட்டும் பாட்டிக்கு. எண்ணெய் வைத்து மெல்லத் தடவுவது நல்லதுதான், பிள்ளை தூங்கும். அழுத்துவது, நெற்றியைப் பிடித்துவிடுவது, மூக்கை நீவுவது வேண்டாம். உச்சிக்குழியை அமுக்கவே கூடாது.

முயல் கதையில் அரை கிலோ விசையை எந்த எலும்பில், எந்தத் திசையில் என்று அளந்து கருவி வைத்துக் கொடுத்தார்கள். நம் கை அளக்காது, அதோடு அது மூளைக்கு மேலே இருக்கிற மண்டை.

தலையின் வடிவத்தை வெளியிலிருந்து மாற்ற முடியுமா என்றால் முடியும். மாதக்கணக்கில் விடாமல் கட்டி வைத்தால். பெருவின் பராகாஸ் மக்கள், காங்கோவின் மங்பெட்டு மக்கள், ஏன், பிரான்ஸில் துலூஸ் பக்கத்துக் கிராமங்களில்கூட அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இப்போது நாம் நிஜமாகப் பார்ப்பது பின்தலை தட்டையாவது. குழந்தையைக் குப்புறத் தூங்கவைக்கக் கூடாது என்று 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னார்கள், பிறகு மல்லாத்தித்தான் தூங்கவைக்க வேண்டும் என்று ஆனது. தூக்கத்தில் திடீரென்று இறப்பது வெகுவாகக் குறைந்தது, தட்டைத்தலை கூடியது. அதற்குப் பயந்து குப்புறத் தூங்கவைக்க வேண்டாம். முழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போட்டு விளையாடவிட்டால் போதும். தட்டைத்தலையில் தையல் மூடியிருக்காது, மேடும் தட்டுப்படாது. அகல்விளக்கு சொன்ன மாதிரி கயிறு ஓடினால் மட்டும் தாமதிக்காதீர்கள், பார்க்கிறவர் "சரியாகிவிடும்" என்றாலும் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

#22 தாடைராசா
அண்ணே எனக்கு 24. நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்து அழுத்தினால் தாடை விரியும், முகம் மாறும் என்று ரீல்ஸில் பார்த்து எட்டு மாதமாகச் செய்கிறேன். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் அறிவியல்படி சரி என்றுதானே ஆகிறது?

#23 பல்லாங்குழி
எட்டு மாதத்தில் ஏதாவது மாறியதா? :)

அண்ணத் தையல் சின்ன வயதில் ஒழுங்கான கோடு, அப்புறம் அலை, பதின்வயதில் நெருக்கமான ரம்பப்பல் கோப்பு. பிர்டெ மெல்சன் 1975இல் இதை அழகாகக் காட்டினார். மூடும் வயது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். சிலருக்கு முப்பது தாண்டியும் முழுதாக மூடியிருக்காது. ஆனால் மூடாவிட்டாலும் கோத்துக்கொண்டுவிட்டது. கிடாய்க்காரன் அண்ணன் கடையில் குட்டித்தலைக்கும் கிடாத்தலைக்கும் என்ன வித்தியாசமோ அதேதான். பெரியவர்களுக்குச் சாதாரண எக்ஸ்பாண்டர் போட்டால் பல்தான் சாயும். அண்ண எலும்பிலேயே குட்டி ஸ்குரூக்களை இறக்கித் தள்ளுகிறோம், அதுவும் போதவில்லையென்றால் அறுவை சிகிச்சையில் தையலை விடுவித்துவிட்டுத் தள்ளுகிறோம். இத்தனைக்கும் அசையாததை நாக்கு அசைக்கும் என்று நம்பாதீர்கள். பல் கடி பிரச்சினை இருந்தால் நேரில் காட்டுங்கள்.

#24 கிடாய்க்காரன்
என் கடைத்தலையைப் பாடப் புத்தகம் ஆக்கிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு நெளிகோட்டைக் காட்டித்தான் இனி வியாபாரம்.

#25 கொய்யாமரம்
ஐந்து மாதம் கழித்து வருகிறேன். அப்போதே பதினான்காம் நாளோடு திருகுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். மேல் கடைவாய்ப்பல்லின் உள்முனை கீழ்ப்பல்லின் வெளிமுனையில் உட்காரும் வரை, வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே விரித்திருக்கிறார். கொஞ்சம் திரும்பிப் போகுமாம், அதற்கு இப்போதே ஒதுக்கி வைத்தது. எங்கள் பாஷையில் புரொவிஷன்.

முன்பல் சந்து இரண்டாம் மாதமே மூடிவிட்டது. போன வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய படத்தையும் புதியதையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். கறுப்பு ஆப்பு இருந்த இடம் சாம்பல் நிறமாகியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் நடுவில் மட்டும் முடி அளவுக்கு ஒரு கோடு. அது நிரம்பாமல் விட்டுப்போனதா என்று கேட்டேன். "அது இருக்கணும் சார், அதுதான் தையல்" என்றார்.

அடுத்த மாதம் கழற்றுகிறார்கள். சாவியை மட்டும் மகள் கொடுக்க மாட்டேன் என்கிறாள். பென்சில் பாக்ஸில் வைத்திருக்கிறாள்.